நாலாவது வரி

நாள் 412. காலை 8.10
செவ்வாய்க் கிரகம், வடசுரங்க நிலையம். கதவுக்காரன் மாடக்கண்ணு சொல்கிறேன், எந்திரம் எழுதுகிறது. எனக்கு எழுத்து தெரியாது. ஆறு அறைக்கும் வெளிக்கதவு பூட்டு சரி.
திரையில் அம்புக்குறியைத் தொட்டால் அறைப் பட்டியல் கீழே விழும். எந்த வரியை அமுக்கினாலும் அந்த அறையின் வெளிக்கதவு திறக்கும். டேட்டாபேஸில் உள்ள அறைகள் தானாக வந்து நிற்கும். என் மகள் தவமணி செய்தது. கிடங்கு, சமையல்கட்டு, உலை, பட்டறை, படுக்கைக்கூடம், கடைசியில் இந்தக் கதவறை. வரிக்கு ஒரு படம் போட்டுத் தரட்டுமா என்றாள். நாற்பது வருசத்துக்கு முந்தி ஏறின பஸ்ஸில் யார் எந்த சீட்டு என்று சொல்வேன், எனக்கு எதுக்குப் படம் என்றேன்.

பகல் 11.40
கப்பல் இரண்டு மாதம் தாமதமாம். இருக்கிற காற்று ஏழு பேருக்குத்தான் காணும் என்று, துளை போடுகிற பொன்னரசும் ஆறு பேரும் வெடியை எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் மண்டையைக் கம்பியால் பிளந்தார்கள். கேமராக் கண்ணாடியில் ஒரு பல் ஒட்டியிருக்கிறது.

12.25
சமையல்கட்டை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். உள்ளே மூன்று பேர். சுவரே இல்லை. தவமணியும் ஐந்து பேரும் படுக்கைக்கூடத்தில் அடைந்துகொண்டார்கள்.
ரேடியோவில் தவமணி: "அப்பா, அவனுங்க பட்டறையில அடுத்த வெடி கட்டுறானுங்க. காத்து உடுப்பு போடல. பட்டறை வெளிக்கதவைத் திறந்துவிடுங்க. சீக்கிரம்ப்பா!"

12.27
தொட்டேன். பட்டியல் விழுந்தது. கை தானாக நாலாவது வரிக்குப் போனது. அமுக்கினேன். கதவு திறந்த அதிர்வு காலுக்கு வந்தது. ஏழு உசிரு.

12.31
ரேடியோவில் பொன்னரசு: "பெருசு, எங்க வேலையை நீயே முடிச்சிட்டியே! வரி எண்ணித்தானே அமுக்குவ? சமையல்கட்டு போனதும் டேட்டாபேஸ்ல அதுவும் போச்சுய்யா. கீழ இருந்ததெல்லாம் ஒரு வரி மேல ஏறிடுச்சு. நீ திறந்தது உன் மக இருந்த கூடம்."
பின்னால் சிரிப்பு.

12.33
படுக்கைக்கூடக் கேமரா. தவமணி கதவுப் பிடியை விடவில்லை. மூக்கிலும் கண்ணிலும் ரத்தம் உறைந்து.

12.34
ஒரு வரி மேலே என்றான்.
அப்படியென்றால் பட்டறை மூன்றாவது.
அதையே ரேடியோவில் சொன்னேன். சிரிப்பு நின்றது.
பொன்னரசு: "பெரியவரே, வேண்டாம்யா. ஐயா, உங்க காலு..."
அமுக்கினேன்.

12.36
ரேடியோவை நிறுத்தவில்லை. முழுசும் கேட்டேன்.

12.50
தவமணி, அப்பா பேசுறேன். கேக்குதா? தவமணி. அப்பாதான். தவ