வயிற்றில் கட்டிய சைக்கிள் டியூப்

முந்தாநாள் காலையில் மருந்து அலமாரியைத் துடைக்கும்போது, டிஞ்சர் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து உன் டியூப் பட்டை கைக்கு வந்தது. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் அறுத்து நீ செய்தது. ரப்பர் வாடை மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இழுத்துப் பார்த்தேன். போன இடத்திலேயே நின்றுகொண்டது, திரும்பிச் சுருங்கவில்லை. "இதக்கூடவா தூக்கிப் போடாம வச்சிருக்க, கஞ்சப் பய மாப்ள?" என்று நீ கேட்பது போலவே இருந்தது. மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

அனுமந்தன்பட்டியில் உன் திராட்சைத் தோட்டத்து என்ஜின் ரூம்தான் எனக்கு இரண்டாவது வீடு. உத்தமபாளையத்து டாக்டரிடம் நான் கம்பவுண்டர். சுற்று வட்டாரத்து ஆயில் என்ஜின்களுக்கெல்லாம் நீ டாக்டர். தண்ணீர் போகும் ஓஸ் எங்கேயாவது உப்பிவிட்டது என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், இந்தப் பட்டையைத்தான் வலித்து வலித்துச் சுற்றுவாய். "ஒரு மாசத்துக்கு இது போதும். அடுத்த தடவ புது ஓஸோட வாங்க" என்பாய். அவர்கள் அதே ஓஸோடுதான் வருவார்கள். திட்டிக்கொண்டே மறுபடியும் சுற்றுவாய்.

உனக்கு வயிற்றில் ஏதோ அடிக்கிறது என்று முதலில் சொன்னது என்னிடம்தான். "தொப்புளுக்கு மேல துடிக்குது மாப்ள. படுத்தா வேட்டியே ஆடுது" என்றாய். நான் சிரித்தேன். பீடியும் கடை வடையும் சேர்ந்தால் வாயு ஆடாமல் என்ன செய்யும் என்று கேலி பேசினேன். டாக்டரிடம் காட்டாமல் நானே வாயுவுக்கான ரோஸ் நிற மிக்ஸர் மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்ட அளவுத் தாள் வெட்டி பாட்டிலில் ஒட்டிக் கொடுத்தனுப்பினேன். ஐந்து மாதம் குடித்தாய். ஒரு தடவைகூட உன் வயிற்றில் நான் கை வைக்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

மிக்ஸர் கேட்கவில்லை என்றதும் நீ உனக்குத் தெரிந்த வைத்தியத்துக்குப் போனாய். ஒருநாள் சட்டையைத் தூக்கிக் காட்டினாய். டியூப் பட்டையை இடுப்போடு இறுக்கிச் சுற்றியிருந்தாய். "ஓஸுக்குக் கேக்குது, வயித்துக்குக் கேக்காதா?" என்று ஒரே பெருமை உனக்கு. அன்றைக்குத்தான் கை வைத்தேன். பட்டைக்கு அடியில் உருண்டையாக ஒன்று என் விரல்களை இரண்டு பக்கமும் விலக்கி விலக்கித் துடித்தது. அது வாயு இல்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்புக்கு முன்னால் முட்டை ஓடு மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து தெரிந்தது. இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக் குழாய் அங்கே வீங்கியிருக்கிறது, சுவரில் சுண்ணாம்பு படிந்துவிட்டது என்றார் பெரிய டாக்டர். பட்டையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "இத யாருய்யா கட்டச் சொன்னது? இத்தன நாள் யார்ட்ட மருந்து சாப்பிட்ட?" நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் இருந்துட்டேங்க ஐயா" என்றாய். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை நீ எடுத்ததில்லை.

அவர் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. பஸ்ஸில் நீதான் விளக்கினாய். "ஓஸுல ரப்பரும் இருக்கு, நூலும் இருக்குல்ல? தண்ணி தள்ளும்போது ரப்பர் விரியும், விட்டாச் சுருங்கும். இதுக்கு மேல விரியாதன்னு நூலு புடிச்சுக்கிரும். ரத்தக் கொழாயும் அப்படித்தான்னு சொன்னாக. எனக்கு ரப்பர் செத்துப்போச்சாம். இப்ப நூலு மட்டும் தாங்குதாம்."

அப்படியென்றால் குழாய் தொளதொளவென்றுதானே இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அதான் இல்ல. பழைய ஓஸு உப்புன எடத்தத் தொட்டுப் பாரு, வெறச்சுப் போயிருக்கும். விரியவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. உப்ப உப்பச் சுவரு மெலிசாகும். தண்ணி அதே வேகத்துல வந்தாலும் சுவத்துக்கு இழுப்பு கூடிக்கிட்டே போகும். ஒவ்வொரு நூலா விடும். எது கடேசி நூலுன்னு வெளிய இருந்து தெரியாது."

ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போது, பையிலிருந்து பட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாய். "வச்சுக்க. இது வெளிய நின்னு என்னத்தப் புடிக்கும்?" என்றாய்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் கெட்ட இடத்தில் துணிக்குழாய் வைத்துத் தைப்பார்கள், படுக்கை கிடைத்ததும் கடிதம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, பீடி கூடாது, என்ஜின் ஹேண்டிலைத் தொடவே கூடாது. ஆனால் உன் கிணறு பங்குக் கிணறு. உன் முறை நாளில் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரைதான் தண்ணீர் உன்னுடையது. ஆறு மணிக்கு என்ஜின் ஓடவில்லை என்றால் போனது போனதுதான். அப்போது திராட்சை காய் பருக்கும் நேரம் வேறு. வேறு யாரையும் கூப்பிடவும் நீ விடவில்லை. "விசயம் தெரிஞ்சா எவன் என்ஜினத் தூக்கிட்டு எங்கிட்ட வருவான்?" என்றாய். ஆகவே ஒவ்வொரு முறை நாளும் நான் சைக்கிளில் வந்து ஹேண்டில் சுற்றினேன். முதல் நாள் எவ்வளவு சுற்றியும் கிளம்பவில்லை. நீ வரப்பில் உட்கார்ந்து, "மிக்ஸர் கலக்குற கைக்கு இம்புட்டுத்தான் வரும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிக்காதே என்று நான் கத்தினேன்.

ஏழாவது முறை நாளில், அரிவாள் பட்ட கையோடு ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கட்டுப்போட்டுவிட்டுக் கிளம்பும்போதே ஆறு ஆகிவிட்டது. அனுமந்தன்பட்டி ரோட்டில் வரும்போது உன் என்ஜின் சத்தம் கேட்டது. மிதிக்க மிதிக்க அது நெருங்கி வந்தது. அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நீ முகம் வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாய். "வந்துட்டியா மாப்ள. இடுப்பு விண்ணு விண்ணுங்குது. தண்ணி மட்டும் பன்னெண்டு மணி வரைக்கும் ஓடட்டும்." கார் பிடித்து ஏற்றினோம். உன் உயிர் சின்னமனூர் தாண்டவில்லை.

தூக்கத்தில்கூட அந்தக் குழாய் விட்டிருக்கும், என் மேல் தப்பில்லை என்று எங்கள் டாக்டர் என்னைத் தேற்றினார். இருக்கலாம். ஆனால் அந்த ஐந்து மாத மிக்ஸரைப் பற்றி நான் அவரிடம் சொன்னதில்லை. நீயும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாய். அன்று முதல் கை வைத்துப் பார்க்காமல் யாருக்கும் நான் மிக்ஸர் ஊற்றியதில்லை.

முந்தாநாள் மதியம், உன் பட்டையை எடுத்து வைத்த அதே நாளில், ராயப்பன்பட்டிக்காரர் ஒருவர் வந்து வாயு மிக்ஸர் கேட்டார். படுக்க வைத்துக் கை வைத்தேன். விரல்கள் விலகின. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன், அவர் மதுரைக்குக் கடிதம் எழுதினார். வந்தவரோ மசியவில்லை. ரப்பர், நூல் என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது வாஸ்தவந்தான். ஆனா சனிக்கெழம காலைல ஆறு மணிக்கு என் முறை. மகன் பட்டாளத்துல இருக்கான். என்ஜின யாரு கெளப்புவா? பழம் வெட்டி முடியட்டும், போறேன்" என்றார்.

"நான் கெளப்புறேன்" என்றேன்.

"நீங்களா? கம்பவுண்டரா?"

"மூணே சுத்துல."

இன்று காலை அவரை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நாளை சனிக்கிழமை. சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறேன். நாலரைக்கே கிளம்பிவிடுவேன். வழியில் யாராவது கையை வெட்டிக்கொண்டு வந்து நின்றாலும், கட்டுப்போட்டுவிட்டு ஆறு மணிக்கு அந்த ஹேண்டிலில் என் கை இருக்கும், மாப்ள.