மூன்றாம் சிலிண்டரின் வேலைநிறுத்தம்

திருவனந்தபுரம்

அன்பு மகள் சிஜிக்கு,

உன்னைப் பெறாமல் வளர்த்த சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ரத்னாபாயும் நம் லாரியும் சௌக்கியம், மூவரில் ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அயர்லாந்துக் குளிரில் உன்னை ஆற்றுகால் பகவதி பார்த்துக்கொள்வாள். இனி நான் சொல்லப்போவதை உலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்தே தொடங்குகிறேன். போனில் சொன்னால் பாதியில் சிரித்து வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போனக்காட்டு எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அரிசி ஏற்றிப் போனேனா, பாதி மலையில் வண்டி உதறத் தொடங்கியது. அந்த உதறலில் என் கடைவாய்ப்பல் கழன்று பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. புகை கழக்கூட்டம் வரை போய், அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் மழை மேகம் என்று குடை விரித்தார்களாம். அரிசியை ஜீப்பில் மாற்றிவிட்டு நொண்டி நொண்டி வீடு சேர்ந்தோம். மெக்கானிக் அருமைநாயகம் வந்து, இஞ்சினை ஓடவிட்டு சிலிண்டர்களுக்குப் போகும் டீசல் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மற்றவற்றைத் தளர்த்தினால் சத்தம் மாறுகிறது, மூன்றாவதில் மாற்றமே இல்லை. ஆறு பேர் சுமக்கும் சப்பரத்தில் ஒருவன் சும்மா கைவைத்து நடப்பானே, அதுபோல. அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினால் அதில் மட்டும் கம்ப்ரஷன் பாதி. உன் சித்தி அடுக்களையிலிருந்து, "ஒங்க வாய்க்கு இருக்க கம்ப்ரஷன் அதுக்கு இருந்தாப் போதும்" என்றாள்.

பிஸ்டன் ரிங் தேய்ந்து இஞ்சினையே பிரிக்க வேண்டி வந்தால் வண்டியை விற்றுவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, சித்தி அதைப் பிடித்துக்கொண்டு பழைய இரும்பு வியாபாரி குற்றாலலிங்கத்தையே வரவழைத்துவிட்டாள். அவர் கிரேனோடு வந்து நின்றார். அருமைநாயகம் அசரவில்லை. மூன்றாவது சிலிண்டருக்குள் காற்றை அடைத்துவிடுவேன், அது எந்த வழியே தப்புகிறதோ அங்கேதான் நோய் என்றார். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட், ஆயில் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் வால்வு. ரேடியேட்டருக்கு சித்தி, ஆயில் வாய்க்கு நான். சைலன்சருக்கு ஆள் இல்லை, குற்றாலலிங்கத்தையே குனிய வைத்தோம். காற்று ஏறியதும் நான் மூச்சை அடக்கினேன், பூமி சுற்றுவதை நிறுத்தியது, பத்மநாபசுவாமியே ஒருக்களித்துப் படுத்துக் காது கொடுத்தார். என் பக்கம் ஓசையில்லை. சித்தி பக்கம் குமிழியில்லை. வண்டியின் பின்னாலிருந்து குற்றாலலிங்கம், செத்த வீட்டுக் குரலில், "அண்ணாச்சி, காத்து இங்கனதான் சீறுது" என்றார்.

மேல் மூடியைத் திறந்தால், அந்த வால்வுக்கு மேலே இருக்கவேண்டிய இடைவெளி அறவே இல்லை. முழுக்க மூடமுடியாமல் அது வாய்பிளந்தே கிடந்திருக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தி இடைவெளி வைத்ததும் சீறல் நின்றது, கேஜ் முள் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. நேற்று போனக்காடு ஏறியபோது முன்னால் போன மேகத்தை ஹாரன் அடித்து ஒதுக்கினேன். சித்தி மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் டிரைவர் சீட்டுக்குப் புது உறை தைக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு மக்களே, காதை மூடாமல் வெளியே போகாதே. தீர்க்காயுசாக இருப்பாய். பல், குடை, மேகம் எல்லாம் நீ நினைத்தபடிதான். ஆனால் குற்றாலலிங்கம் காது கரியாகக் குனிந்ததும், ஒன்றும் கேட்கவில்லை என்று பொய் சொல்லி வண்டியை இரும்பு விலைக்குத் தூக்கிப் போகாமல் விட்டதும் நிஜம்.

உன் சித்தப்பா,
வேலாயுதன்