காயவிட்ட வரிசை

மேடம்,

தானே புயல் முந்திரித் தோப்புகளை வேரோடு புரட்டிப் போட்டு, பாண்டியே பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்து, அந்த இருட்டிலேயே என் பேரனும் பிறந்தானே, அதற்கடுத்து வந்த கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். இன்று காலை மருமகள் ஊறுகாய்க்கு வினிகர் பாட்டிலைத் திறந்தாள். வாசனை மூக்கில் ஏறியதும் நான் வேலை பார்த்த உங்கள் ஆராய்ச்சிக் கொட்டகை ஞாபகத்துக்கு வந்தது. அழுகை வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. நீங்கள் கண்ணை மூடிய அன்றும் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை எழுதுகிறாள்.

மற்றவர்களுக்கு அந்த வாசனை ஊறுகாய். எனக்கு வேர். முந்திரிக் கன்றின் மெல்லிய வேர்களைக் கழுவி, மருந்துத் தண்ணீரில் சூடாக்கி, வினிகரில் எழுதுகிற மையைக் கலந்து அதில் போட்டு எடுப்போம். வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை மட்டும் நீலமாகத் தெரியும். மை வாங்கப் போனால் கடைக்காரர் என்னை விடமாட்டார். “நீயே கைநாட்டு. பாட்டில் பாட்டிலா மை எதுக்குய்யா, குடிக்கிறியா?” என்பார். உங்களிடம் வந்து சொன்னேன். “அடுத்த வாட்டி ஆமான்னு சொல்லிடுங்கண்ணே” என்று சிரித்தீர்கள்.

மைக்ராஸ்கோப்பில் முதல்முறை பார்த்துவிட்டு, “நூலு நூலா ஓடுது மேடம்” என்றேன்.

“அதாண்ணே. வேரு எட்டாத எடத்துக்கெல்லாம் அந்த நூலு போயி சத்தும் தண்ணியும் கொண்டாரும். பதிலுக்குச் செடி அதுக்குச் சக்கர குடுக்கும்.”

“இதுல யாரு மொதலாளி, யாரு கூலியாளு?”

“ரெண்டு பேருமே மொதலாளிதான்.”

எந்த மண்ணில் அந்தப் பூஞ்சை வெயிலைத் தாங்கும், எதில் செத்துப்போகும் என்பதுதான் உங்கள் கேள்வி. தோப்பு விழுந்தவர்கள் மறுபடி கன்று வைக்கும்போது, எந்த ஊர் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து வேரோடு சேர்க்கலாம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பீர்கள். வைத்திக்குப்பத்துக் கடல் மணல், பாகூர்க் களிமண், சேதராப்பட்டுச் செம்மண் என்று தொட்டிகளில் நிரப்பி, ஒவ்வொரு மண்ணுக்கும் இரண்டு வரிசை வைத்தோம். ஒன்றுக்குத் தினமும் தண்ணீர். மற்றது காயவிட்ட வரிசை. அதற்கு வாரத்துக்கு ஒரு டம்ளர்தான்.

சேதராப்பட்டு மண்ணை வெட்டி வந்தது நான். பேக்டரிகள் வருவதற்கு முன்னால் நான் ஏர் ஓட்டிய மண் அது. சித்திரை வெயிலில் அந்த வரிசையில் இலைகள் சுருண்டு தொங்கின. ஒரு நாள் விடியற்காலையில் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சொம்பு ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். அப்புறம் சித்திரை முடியும்வரை ஊற்றினேன். அந்த ஒரு வரிசைக்கு மட்டும். அது உங்கள் வேலையைக் கெடுக்கும் என்று தெரியாதா என்றால், தெரியும்.

வேரை எடுத்துப் பார்த்த அன்று, “அண்ணே, சீக்கிரம் வாங்க! காயவிட்டதுலயும் எவ்ளோ நீலம் பாருங்க. இந்தச் செம்மண்ணுப் பூஞ்சைக்கு வெயில்னா பயமே இல்ல!” என்று கூப்பிட்டீர்கள். குனிந்து பார்த்தேன். நீலமாகத்தான் இருந்தது. “ஆமா மேடம்” என்றேன்.

அதை நீங்கள் எழுதினீர்கள், கூட்டங்களில் பேசினீர்கள். வேறு ஊரில் யாரோ செய்து பார்த்தார்கள், அப்படி வரவில்லை. நீங்களும் மறுபடி செய்தீர்கள். அந்தக் கோடையில் நான் கால் முறிந்து வீட்டில் கிடந்தேன். வரிசை நிஜமாகவே காய்ந்தது. வேரில் நீலம் அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருந்தது.

நான் வேலைக்குத் திரும்பிய வாரம் உங்களுக்கு மேலதிகாரியான பெரிய சார் கொட்டகைக்கு வந்தார். “மொத வருஷத்து நம்பர நல்லாவே ஜோடிச்சிருக்கீங்க” என்றார். என் பக்கம் திரும்பினீர்கள்.

“அண்ணே, காயவிட்ட வரிசைக்கு நீங்க தண்ணி ஏதாச்சும் ஊத்துனீங்களா?”

“இல்ல மேடம்.”

“அவரு பொய் சொல்ல மாட்டாரு சார்” என்றீர்கள்.

கொட்டகையை மூடிவிட்டார்கள். பொய்க்கணக்கு எழுதியவர் என்ற பேர் உங்களோடு நின்றுவிட்டது. பிறகு நீங்கள் படுக்கையில் விழுந்தபோது நான்கைந்து தரம் வந்து பார்த்தேன். டீ கொடுக்கச் சொன்னீர்கள், என் காலைப் பற்றி விசாரித்தீர்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. அந்த “இல்ல மேடம்” மட்டும் இன்னும் என் வாயிலேயே கிடக்கிறது. சோற்றோடும் இறங்கவில்லை.

போன மாதம் பெரிய சார் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

“அன்னிக்கி ஊத்தலன்ன. இன்னிக்கி ஊத்துனேங்கற. எதய்யா நான் நம்பறது? செத்துப்போன அந்தம்மா மேல இருக்கற விசுவாசத்துல வந்து நிக்கிற.”

“சத்தியமா ஊத்துனேன் சார்.”

“நீ ஊத்துனத யாராச்சும் பாத்தாங்களா? பாத்தவங்களக் கூட்டியா. அந்தம்மா ஜோடிக்கலன்னு நானே எழுதித் தரேன்.”

பஸ்ஸில் வரும்போது கொட்டகையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். வேன் ஓட்டியவர் செத்துப்போய்விட்டார். வாட்ச்மேன் கொரோனாவில் போனார். அப்புறம்தான் மண் சலிக்க வந்த பெண் ஞாபகத்துக்கு வந்தாள். ஒரு நாள் அவள் விடியலிலேயே வந்துவிட்டாள். சொம்பும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏன் பெரியவரே, ஒங்க ஊரு மண்ணுன்னாதான் பாசம் பொத்துக்குதா? பாகூர்க் கன்னு என்னா பாவம் பண்ணுச்சி? மேடத்துகிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லிடாத தாயி” என்றேன். அவள் சொல்லவில்லை.

நேற்று விசாரித்தேன். முதலியார்பேட்டையில் மகளோடு இருக்கிறாளாம். நான் தண்ணீர் ஊற்றியதைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். பேர் மும்தாஜ்.