பகலில் அடைத்த ஜன்னல்

அப்பா,

இன்று மத்தியானம் நம் வீட்டுக் கதவை யாரோ உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். அக்னி நட்சத்திர வெயில். பிரான்சில், லியோன் நகரத்தில் பழகிய பழக்கத்தில் காலையிலேயே ஜன்னல்களை எல்லாம் அடைத்து, வாசல் கதவையும் சாத்திவிட்டு, உங்கள் கட்டிலில் படுத்திருந்தேன். எழுந்து போய்த் திறந்தால் அடுத்த வீட்டுச் சித்தி நிற்கிறாள், கையில் குழம்புக் கரண்டியோடு. அடுப்பில் கொதித்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"ஏட்டி, உள்ளயா கெடக்க? பட்டப்பகல்ல வீட்ட இப்பிடி அடச்சுப் போடலாமா? எனக்க நெஞ்சே நிண்ணு போச்சு, கேட்டியா."

"வெயிலுக்காக அடச்சேன் சித்தி."

"வெயிலுக்கு ஜன்னலத் தொறப்பாவளா, அடப்பாவளா? நல்ல படிப்பு படிச்ச போ!"

திட்டிக்கொண்டே அறை அறையாகப் போய் எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் போனாள். மலைப்பக்கத்துக் காற்று வீட்டுக்குள் நுழைந்து பின்வாசல் வழியாகப் போயிற்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீங்கள் லியோனில் செய்ததைத்தான் சித்தி இன்று தாழக்குடியில் செய்தாள்.

அம்மா போன பிறகு ஒரே ஒரு கோடைக்கு நீங்கள் என்னிடம் வந்தீர்கள். மூன்று வேட்டி, கோட்டாற்றுக் கடையில் வாங்கிய கறுப்புக் குடை, ஒரு சம்புடம் நிறைய, தீயல் குழம்பு வைக்க வறுத்தரைத்த பொடி. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தீர்கள். "பெறந்தது நாஞ்சில் நாடு, பாஸ்போர்ட்டு அமெரிக்கா, குடியிருப்பு பிரான்ஸ். நீ எந்த ஊருக்காரிண்ணு ஆராவது கேட்டா ஒரு கதையில்லா சொல்லணும்" என்றீர்கள். வண்டிக்காரர் ஒன்றும் புரியாமல் நம்மோடு சேர்ந்து சிரித்தார்.

நான் குடியிருக்கும் கட்டடத்தில் எனக்கு 'அமெரிக்காக்காரி' என்றுதான் பெயர். என் நிறத்துக்கும் அந்தப் பெயருக்கும் பொருந்தாததை யாரும் பொருட்படுத்தவில்லை. நானும் நல்ல அமெரிக்காக்காரியாகத்தான் இருந்தேன். ஐஸ் கேட்டால் கண்ணாடித் தம்ளரில் இரண்டு துண்டு மிதக்கவிட்டுத் தருகிறார்களே என்று எரிச்சல்படுவேன். வீட்டில் ஏசி இல்லை, பழைய கட்டடத்தில் வைக்கவும் விடமாட்டார்கள் என்று புலம்புவேன். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ரொட்டிக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஊரே ஒட்டுமொத்தமாக எங்கேதான் போகிறது என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக ஆச்சரியப்படுவேன். நீங்கள் அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தீர்கள்: "வயல்ல அறுப்பு முடிஞ்சா நாமளும் இப்பிடித்தான் இருப்போம்."

காலையில் சந்தைக்குப் போவோம். குடையை விரித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முலாம்பழத்தை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக் காதில் வைத்துப் பார்ப்பீர்கள். வெயிலுக்குக் குடை பிடிக்கிற ஆளை அந்தச் சந்தை அதற்கு முன் பார்த்திருக்காது. பழக்காரர் இரண்டாவது வாரத்திலேயே உங்களைப் பார்த்ததும் நல்ல பழமாக எடுத்துத் தனியே வைக்க ஆரம்பித்தார். பல வருடங்களாக அதே கடையில் வாங்குகிறேன். எனக்கு அவர் அப்படி வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரோன் நதிக்கரையில் அமெரிக்க நண்பர்கள் கூடுவோம். ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாத சாயங்காலம். ஆளுக்கொரு விரிப்பு, ஆளுக்கொரு தின்பண்டம். பேச்செல்லாம் ஏசி, ஐஸ், விசா. நீங்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டீர்கள்.

"நல்ல பிள்ளைகதான். இதுல ஆருக்காவது உனக்க வீடு எங்கண்ணு தெரியுமா மக்கா?"

"யாரும் யார் வீட்டுக்கும் போறதில்லப்பா. வெளியதான் பார்த்துக்குவோம்."

"உனக்க மேல்வீட்டுல இருக்கது ஆரு?"

"தெரியாதுப்பா."

படியேறும்போது ஒவ்வொரு தளத்திலும் நின்று, கதவுகளைப் பார்த்துவிட்டு ஏறினீர்கள். மூச்சு வாங்குகிறது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் அனல் அலை வந்த வாரம் அது நடந்தது. உள்முற்றத்துக்கு அந்தப் பக்கம், நம் ஜன்னலுக்கு நேர் எதிரே, தனியாக ஒரு வயதான பெண்மணி இருந்தார். ஊர் வழக்கப்படி அவரை நீங்கள் 'மதாம்மா' என்று சொல்வீர்கள். ஒருநாள் காலை அவர் மரக்கதவுகளை இழுத்து அடைத்தார். மத்தியானம் ஆகியும் திறக்கவில்லை. நான் அலுவலகத்தில் இருந்தேன். நம் ஊரில் பகலில் வீடு அடைத்துக் கிடந்தால் இரண்டே காரணம்தான்: ஆள் வெளியூர் போயிருக்க வேண்டும், இல்லை உள்ளே ஏதோ ஆகியிருக்க வேண்டும். காலையில் அவர் ரொட்டியோடு படியேறியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆக, வெளியூர் போகவில்லை. இறங்கி, முற்றத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் படிகளில் ஏறி, அவர் கதவைத் தட்டு தட்டென்று தட்டியிருக்கிறீர்கள். "அம்மா, உள்ள இருக்கியளா?" என்று தமிழிலேயே கூப்பிட்டிருக்கிறீர்கள். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்த அவர் பயந்து போய் அலறியிருக்கிறார். பயமிருக்காதா, குடையும் கையுமாக ஒரு வேட்டிக்காரர்!

சாயங்காலம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். வெளிக்காற்று உள்ளே வந்தால் வீடு அடுப்பாகிவிடும், அதனால் இங்கே பகலெல்லாம் அடைத்து வைத்துப் பொழுது சாய்ந்த பிறகே திறப்போம் என்று அவர் எனக்குப் பாடம் நடத்தினார். உங்களிடம் வந்து சொன்னேன். "காத்த வெளிய நிறுத்திட்டு மனுசன் உள்ள கெடக்கதா?" என்று சொல்லிவிட்டு, நம் ஜன்னல்களை மறுநாளும் அகலத் திறந்து வைத்தீர்கள். வீடு வெந்தது. உங்கள் வெற்று முதுகில் வேர்க்குரு போட்டது. மூன்றாம் நாள் எதிர் ஜன்னலிலிருந்து மதாம்மாவே கைதட்டி உங்களைக் கூப்பிட்டு, அடைக்கும்படி சைகை காட்டினார். அன்றுதான் அடைத்தீர்கள். அதன்பிறகு தினமும் சாயங்காலம், இரண்டு ஜன்னல்களும் திறக்கும்போது, நீங்கள் இந்தப் பக்கம் கும்பிட அவர் அந்தப் பக்கம் கையசைப்பார்.

ஆகஸ்டில் கட்டடம் காலியாயிற்று. மீண்டும் அனல். ஒரு சாயங்காலம் முற்றத்தில் நிழல் இறங்கிய பிறகும் எதிர் ஜன்னல் திறக்கவில்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால் மீட்டிங்கில் இருந்தேன். நீங்கள் வந்து நின்றீர்கள்.

"மதாம்மா தொறக்கல்ல மக்கா."

"மகன் வீட்டுக்குப் போயிருப்பாங்க. போன தடவை மாதிரி ஆயிரப் போகுதுப்பா."

"போன தடவ எனக்கு இந்த ஊரு தெரியாது. இப்பம் தெரியும். நீ எந்திரி."

உங்கள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. இரண்டு பேரும் ஓடினோம். தட்டினோம், கூப்பிட்டோம், பதில் இல்லை. நான் தீயணைப்புக்காரர்களை அழைத்தேன். அவர்கள் ஏணி வைத்து, அடைத்த ஜன்னலைப் பெயர்த்து உள்ளே போனார்கள். சமையலறைத் தரையில் கிடந்தாராம், நாக்கு வறண்டு, நினைவில்லாமல். அவர்கள் தூக்கிக்கொண்டு இறங்கியபோது நீங்கள் சுவரோடு ஒட்டி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அவர் பிழைத்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் முழுவதும் நீங்கள் கஞ்சியும் பயறும் வைத்துக் கொண்டு போய்க் கொடுத்தீர்கள். அவருக்கு அது பிடித்திருக்க வழியே இல்லை. ஆனாலும் பாத்திரம் கழுவித்தான் திரும்பி வரும்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது. மதாம்மாவின் மகன் மூன்று மணி நேர ரயில் தூரத்தில் இருந்தும் அவருக்கு அந்த நிலைமை. நான் உங்களுக்கு எத்தனை கடல் தாண்டி இருக்கிறேன்! கடைசியில் கேட்டே விட்டேன். "இங்கயே இருந்துருங்கப்பா. அங்க தனியா உங்களுக்கு ஒண்ணுன்னா?"

நீங்கள் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

"நான் காலம்பற வாசல் முத்தம் தெளிக்கல்லண்ணா அடுத்த நிமிசம் உனக்க சித்தி வந்து நிப்பா. என்னத் தேட ஆளு உண்டும். எனக்க பயம் எல்லாம் உன்னப் பத்தியாக்கும். இந்தக் கதவ நீ தொறக்கல்லண்ணா தேடுகதுக்கு ஆரு உண்டு மக்கா?"

சொல்ல என்னிடம் பெயர் எதுவும் இல்லை. நீங்கள் பெட்டியை மூடிவிட்டு, என் கையைப் பிடித்து மதாம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று தடுத்தீர்கள். என்னைக் காட்டினீர்கள். நம் ஜன்னலைக் காட்டினீர்கள். இரண்டு உள்ளங்கைகளையும் கதவு சாத்துகிற மாதிரிச் சேர்த்தீர்கள். பிறகு காற்றில் கதவைத் தட்டிக் காட்டினீர்கள். எனக்கு நாற்பது வயது, அப்பா. பள்ளிக்கூடத்தில் கொண்டு சேர்க்கிற பிள்ளை மாதிரி நின்றேன். மதாம்மா சிரிக்கவில்லை. நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்.

போன வருடம் சித்திரைக் கடைசியில் ஒருநாள் காலை முற்றம் காய்ந்து கிடந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே சித்திதான் முதலில் வந்தாள். தூக்கத்திலேயே போயிருந்தீர்கள். நான் வந்து சேரும்வரை உங்களுக்குப் பக்கத்திலிருந்து அவள் நகரவில்லை என்று ஊரே சொன்னது. அந்த ஒன்றைக் கேட்ட பிறகுதான் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடிந்தது.

காரியங்கள் முடித்து லியோனுக்குத் திரும்பியவள் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டேன். வெளியே வசந்தம், வெயில் என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பேசாமல் கிடந்தேன். தட்டுவது நிற்கவில்லை. திறந்தால், தடியை ஊன்றிக்கொண்டு மதாம்மா. அந்தப் பக்கத்துப் படிகளில் இறங்கி, முற்றம் கடந்து, இந்தப் பக்கத்துப் படிகளில் ஏறி வந்திருக்கிறார். பேசக்கூட மூச்சில்லை. மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "உன் அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார்."

அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். ஊரில் உங்களை எடுத்துக்கொண்டு போகும்போதுகூட அப்படி அழவில்லை.

ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது, அப்பா. வெள்ளிக்கிழமை திரும்புகிறேன். இப்போது எனக்கு மேல்வீட்டுக்காரர் யார் என்று தெரியும். அவருக்கு முழங்கால் வலி என்பதும் தெரியும். அனல் நாட்களில் சாயங்காலம் வேலையை நிறுத்திவிட்டு, எந்த ஜன்னல் திறந்தது, எது திறக்கவில்லை என்று ஒருமுறை முற்றத்தில் நின்று பார்க்கிறேன். நீங்கள் என்னிடம் விட்டுப் போனதில் இது ஒன்று. மற்றொன்றை இன்று சாயங்காலம் சித்தியிடம் சொன்னேன். குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"இங்கண்ணா நான் வந்து தட்டுவேன். அங்க உனக்க கதவ ஆரு பிள்ளே தட்டுவா?"

"ஆளு உண்டு சித்தி" என்றேன். "அப்பா சொல்லி வச்சிட்டுத்தான் போயிருக்காவ."