ஷட்டருக்குள் இழுத்துப் போட்டவன்

இன்று காலை ஒரு பெண் பழைய லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுவந்தாள். "லினக்ஸ் போட்டிருக்கேன். சார்ஜரைப் பிடுங்கினா வைஃபை போயிடுது" என்றாள். மூடியைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் வாசம் வந்தது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

லிங்கராஜபுரத்தில் நாம் சேர்ந்து ரிப்பேர் கடை வைத்திருந்தபோது நம் லேப்டாப்பிலும் இதே கோளாறுதான். பேட்டரிக்கு மாறியதும் வயர்லெஸ் செத்துவிடும். நான் வைஃபை கார்டை இயக்கும் ட்ரைவர் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "பேட்டரிய மிச்சம் பிடிக்கிற புரோகிராம் கார்டைத் தூங்க வெக்குதுடா. ட்ரைவருக்கு எழுப்பத் தெரியல" என்றாய். அதைச் சரிபார்ப்பதற்குள் கலவரம் வந்துவிட்டது.

மெயின் ரோட்டில் பஸ் எரிந்தது. செங்கல்லால் நம் கண்ணாடியை உடைத்தவனின் முகத்தை இருவருமே பார்த்தோம். ஷட்டரை இறக்கும்போது, அவன் கூட்டத்தார் எறிந்த கல்லே அவன் பின்மண்டையைப் பிளந்தது. நீ காலரைப் பிடித்து அவனை உள்ளே இழுத்தாய்.

"இவன்தான் கண்ணாடிய ஒடைச்சான்" என்றேன்.

"பாத்தேன். ரத்தத்த அமுக்கிப் பிடி. அப்புறம் ஒதைக்கலாம்."

சட்டையைக் கழற்றி அமுக்கினேன். ரத்தம் விரலிடுக்கில் வழிந்தது. "விட்டுடாதீங்கண்ணா" என்று முனகினான். கரண்ட் போயிற்று. எந்தப் போனும் கிடைக்கவில்லை. மாடியிலிருந்த இன்டர்நெட் சென்டர் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடியது. அதன் வயர்லெஸ் நம் கடைவரை எட்டும். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் உன் அக்கா அந்நேரம் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பாள். பேட்டரியில் ஓடிய நம் லேப்டாப்பில் அவளுக்குச் செய்தி தட்டத் தொடங்கியதுமே இணைப்பு அறுந்தது. வெளியே ஷட்டரைக் கம்பியால் அடித்தார்கள். நீ தலையைத் தூக்கவில்லை. கார்டின் பவர் சேவிங்கை நிறுத்தி, ட்ரைவரை இறக்கி மறுபடி ஏற்றினாய். இணைப்பு வந்தது, அறுபடாமல் நின்றது. அக்காவின் பதிலும் வந்தது: "வண்டி அனுப்பறேன். நீ வெளிய வராத."

ஆம்புலன்ஸ் வந்தது. கூட்டம் அதைக் கடையருகே விடவில்லை. நீ அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். அவனை வண்டிக்குள் தள்ளிய பிறகுதான் கூட்டத்தில் எவனோ ஓங்கிய இரும்புக் கம்பி உன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. உன்னையும் அதே வண்டியில்தான் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக் கதவைத் திறந்தவள் உன் அக்கா.

நீ போய்விட்டாய். அவன் பிழைத்தான். உன் கருமாதியன்று வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தேன். அவன் தடுக்கவில்லை. உன் அக்காதான் என் விரல்களைப் பிரித்தாள்.

"விடுப்பா. தம்பி தூக்கிட்டு வந்த உசுரு அது."

விட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கழுத்தில் நாடி துடித்தது மட்டும் என் உள்ளங்கையை விட்டுப் போகவே இல்லை.