எட்டு மணி என்றால் காப்பி

அஸ்ஸன்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் எல்ஸ்கேவுக்கு,

நானும் அம்மாவும் நலம். மழையும் நலமாக இருக்கிறது, பிரான்சிலிருந்து நாங்கள் திரும்பி வந்த நாள் முதல் அது ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. நீயும், நீ மணக்க நினைக்கும் பாஸ்தியனும், அவனுடைய பெற்றோரும் டிஜோனில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் மூன்று ஞாயிறுகளாக நீ கூப்பிடவில்லை. காலையில் அம்மா தொலைபேசியைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோஸ் நறுக்குகிறாள். தான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று அதற்குக் காட்டுகிறாளாம். இடையில் உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு குறுஞ்செய்தி. "பாஸ்தியனோட அம்மா ரெண்டு நாள் நின்னு சமைச்சாங்க. என் பையன் வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, என் சாப்பாட்டு மேசையில வந்தா சொல்லணும்னு கேக்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் ஏன்ப்பா அப்படிப் பண்ணீங்க?" இதற்கான பதிலைக் கட்டைவிரலால் எழுத முடியாது, ஆகவே இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான், போர்கள் எப்படி மூண்டன என்று விளக்கிச் சொல்வது எனக்குப் பழக்கமான வேலைதான். பொதுவாக எல்லாப் போரிலும் இரு தரப்பும் தங்களை மரியாதை தெரிந்தவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தன.

பயணத்திலிருந்து தொடங்குகிறேன். காருக்குப் பின்னால் மாட்டிய கேரவனில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு ஏற்றியதை நீ கேலி செய்தாய். பிரான்சிலும் உருளைக்கிழங்கு விளைகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உன் அம்மா ஒரு கேள்வி கேட்டாள். "விளையுது சரி, ஆனா அது எந்த மண்ல விளையுதுன்னு உனக்குத் தெரியுமா?" மண் ஆராய்ச்சிக்காக மகளை ஒரு வருடம் வெளிநாட்டுக்கு அனுப்பிய வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் எதிர்க்க முடியாது. பெல்ஜியத்தில் சாலையோரமாக நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டியில் வீட்டிலிருந்து கொண்டுபோன சீஸை வைத்துச் சாப்பிட்டோம். அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, வெளிநாடு நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். டிஜோனுக்கு வெளியே கேரவன்கள் தங்கும் முகாமுக்கு வந்து சேர்ந்தால் அங்கே இருந்த ஒரே வெளிநாட்டுக்காரர் அந்த முகாமின் பிரெஞ்சு முதலாளிதான். மற்ற எல்லோரும் நம் நாட்டு ஆட்கள். மாலை ஆறு மணிக்கு எல்லாக் கேரவன்களிலிருந்தும் ஒரே நேரத்தில் உருளைக்கிழங்கு வேகும் மணம் எழுந்தது. முதலாளி தன் அறையின் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை உன் அறைக்கு வந்தோம். உனக்காகக் கொண்டுவந்த சாக்லேட் துருவல் பெட்டியை அலமாரிமேல் வைக்கப் போனேன். போன வருடம் அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் நீ எழுதியதெல்லாம் அதைப் பற்றித்தான். "இங்க ரொட்டி மேல தூவிக்க ஒண்ணுமே இல்லப்பா, இவங்க என்ன ஜனமோ" என்று எழுதியிருந்தாய். பனிக்காலம் வந்ததும் அது நின்றுவிட்டது. மார்சேயில் குடித்த மீன் சூப், லியோனில் யாரோ சவால் விட்டு நீ சாப்பிட்டு முடித்த குடல் சாஸேஜ், ரயில் வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்டு பெயர் தெரியாத ஓர் ஊரில் அந்நியர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட வெங்காய சூப் என்று கடிதம் கடிதமாக எழுதினாய். படித்து மகிழ்ந்தோம். அலமாரிமேல் பார்த்தால், நாங்கள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய துருவல் பெட்டி பிரிக்காமல் இருந்தது. புதுப் பெட்டியை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டேன், அம்மாவிடம் சொல்லவில்லை.

இனி அந்த மாலை. பாஸ்தியனின் அம்மா மதாம் ஓடில் எங்களை அழைத்திருப்பதாகச் சொல்லி, "எட்டு மணிக்கு வந்துடுங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். கூடவே ஓர் அறிவுரையும் கொடுத்தாய். "அம்மா, இது நம்ம ஊர் இல்ல. மனசுல பட்டதையெல்லாம் பட்டுன்னு போட்டு உடைச்சிடாத. அப்பா, நீங்களும்தான். ஒரே ஒரு நாள் ரெண்டு பேரும் மரியாதையா நடந்துக்கோங்க." நாங்கள் இரண்டையும் அப்படியே கடைப்பிடித்தோம். எட்டு மணி என்றால் என்ன? நம் ஊரில் ஒருவர் இன்னொருவரை எட்டு மணிக்கு வா என்றால் அது காப்பி. ஆறு மணிக்கு அவரவர் வீட்டில் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போய், காப்பியும் ஒரு பிஸ்கெட்டும் சாப்பிட்டு, பக்கத்து வீட்டு ஹார்மின் முதுகுவலியைக் கேட்டுவிட்டுப் பத்தரைக்குத் திரும்புவது. இது எழுதி வைக்கப்பட்ட சட்டம் இல்லை, எழுதி வைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். ஆகவே ஆறு மணிக்குக் கேரவனில் கீரை போட்ட உருளைக்கிழங்கு மசியல், நடுவில் குழிசெய்து ஊற்றிய குழம்பு, ஆளுக்கொரு முழு சாஸேஜ், முடிவில் ஒரு கிண்ணம் கஸ்டர்ட். அம்மா வழக்கத்தைவிட அதிகமாகவே பரிமாறினாள். "போற எடத்துல பசியோட உட்கார்ந்து அவங்க பிஸ்கெட்டையே பார்த்துக்கிட்டிருந்தா அசிங்கம்" என்றாள். மரியாதை என்பதை இதைவிடக் கவனமாக யாரும் தயாரித்திருக்க முடியாது.

எட்டு மணிக்குச் சரியாகக் கதவைத் தட்டினோம். திறந்த மதாமின் தலையில் இன்னும் முடி சுருட்டும் உருளைகள் இருந்தன, அங்கே எட்டு மணி என்றால் எட்டும் அல்ல, கால் மணி தள்ளித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள், இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அம்மா நம் வழக்கப்படி மூன்றாவதற்கு முகத்தை நீட்ட, அதற்குள் மதாம் திரும்பிவிட, அந்த முத்தம் அவர் காதில் விழுந்தது. உள்ளே போனால் பெரிய மேசை, வெள்ளை விரிப்பு, ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கோப்பைகள், அடுக்கடுக்காகத் தட்டுகள். அம்மா என் காதருகே, "யாரோ சாப்பிட வர்றாங்க போலிருக்கு ரூலோஃப். காப்பியைக் குடிச்சிட்டுச் சீக்கிரம் கிளம்பிடுவோம், பாவம், அவங்களுக்கு வேலை இருக்கும்" என்றாள். சூடான சீஸ் உருண்டைகள் ஒரு தட்டில் வந்தன. அம்மா ஒன்றை எடுத்தாள், அதோடு கையைத் துடைத்துக்கொண்டாள். அதுதான் காப்பிக்கு உண்டான பிஸ்கெட் என்று நினைத்தாள். காப்பியைத்தான் காணோம். மதாம் தட்டை மறுபடி நீட்டினார், அம்மா வேண்டாம் என்றாள். இரண்டாவது பிஸ்கெட்டை எடுக்கும் பெண்ணாக உன் அம்மாவை யாரும் வளர்க்கவில்லை.

பிறகு எங்களை உட்காரச் சொன்னார்கள். வருவதாக நாங்கள் நினைத்த விருந்தாளிகள் நாங்கள்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாவுக்கு நத்தைத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் விளங்கியது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். நானும் அதைத்தான் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க நாங்கள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். புதிதாக முடி வெட்டிக்கொண்டு வந்த பாதிரியாரிடம் பழைய தலையே தேவலை என்று சொன்னவள் உன் அம்மா. அவளை அவள் போக்கில் விட்டிருந்தால், "அடடா, நாங்க ஆறு மணிக்கே உருளைக்கிழங்கு தின்னுட்டு வந்துட்டோமே" என்று உரக்கச் சொல்லியிருப்பாள், மேசை முழுக்கச் சிரித்திருக்கும், விஷயம் முடிந்திருக்கும். ஆனால் ஒரு நாள் மரியாதையாக இருக்கச் சொல்லியிருந்தாய். நாங்கள் இருந்தோம். எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை அது, பழக்கமில்லாத வேலையை எடுத்த எடுப்பில் பெரிய இடத்தில் செய்யக் கூடாது.

உனக்காக ஆறு நத்தைகளைச் சாப்பிட்டேன். சிவப்பு ஒயினில் வெந்த முட்டை வந்தது, அதையும் சாப்பிட்டேன். மாட்டிறைச்சி வந்தபோது என் இடுப்புப் பட்டையில் அடுத்த ஓட்டை இல்லை. அம்மா முட்டையை நான்காக வெட்டினாள், எட்டாக வெட்டினாள், ரொட்டிக்கு அடியில் ஒளித்தாள், பிறகு ரொட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "ரொம்ப நல்லா இருக்கு, போதும்" என்றாள். முதல் பாதியை யாரும் நம்பவில்லை. மதாம் தட்டுகளை எடுக்கும்போது சத்தம் கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. நிலைமையைக் காப்பாற்ற பாஸ்தியனின் அப்பா என் பக்கம் திரும்பி, "உங்க ஊர்ல என்னங்க விளையுது?" என்று கேட்டதை நீதான் மொழிபெயர்த்தாய். உருளைக்கிழங்கு என்றேன். "வேற?" என்றார். வேறு வகை உருளைக்கிழங்கு என்றேன். நல்ல மனிதர், கோப்பையை நிரப்பினார். நீ மேசைக்கு அடியில் என் காலை உதைத்தாய். அதற்குள் சீஸ் வந்தது.

சம்பந்தம் பேசப் போன வீட்டில் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், எந்த நாட்டிலும். மதாம் ஓடிலின் கோபம் நியாயமானது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். திரும்பும் வழியெல்லாம் நான் யோசித்தது அவரைப் பற்றி அல்ல. எங்களிடம் எட்டு மணி என்று சொன்னபோது, "சாப்பிடாம வாங்க" என்று சேர்த்துச் சொல்ல உனக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், நம் சமையலறை மேசையில் ஆறு மணி உருளைக்கிழங்குக்காகத் தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், எட்டு மணி என்றால் காப்பி என்பதை ஒரே வருடத்தில் மறந்துவிட்டாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மொழியை மறந்தால் திரும்பக் கற்றுக்கொள்ளலாம், விருதுகளும் பட்டங்களும் எந்த ஊரிலும் வாங்கலாம், ஆனால் பசிக்கும் நேரம் மாறிவிட்டால் ஆள் குடிபெயர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். செப்டம்பரில் உன் வருடம் முடிந்ததும் நீ திரும்பப்போவதில்லை என்பது லக்சம்பர்க் எல்லையில் பெட்ரோல் போடும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. துருவல் பெட்டிகளை அவளும் பார்த்திருக்கிறாள்.

உன் அறையில் தன் தையல் மிஷினைப் போட்டுக்கொள்ளலாமா என்று போன வாரம் கேட்டாள். போட்டுக்கொள்ளேன் என்றேன். பாதிப் படி வரை தூக்கி வந்தவள், அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மிஷின் இன்னும் மாடிப்படியிலேயே நிற்கிறது, நான் இடித்துக்கொண்டு போய் வருகிறேன்.

ஊர்ச் செய்தி ஒன்று. நாங்கள் இருவரும் ஒரு பயிற்சி எடுத்து வருகிறோம். இந்த வாரம் முழுக்க ஆறு மணிக்குச் சாப்பிடுவதில்லை, எட்டரைக்குத்தான். யோசனை அம்மாவுடையது. ஆறு மணிக்கு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்கிறோம், தட்டு கிடையாது. ஏழு மணிக்கு அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள், ஏழரைக்கு நான் பழைய செய்தித்தாளில் விளம்பரங்களைப் படிக்கிறேன். நம் தெருவில் யாரும் திரைச்சீலையை இழுத்து மூடுவதில்லை என்பதால் எங்கள் வெறும் மேசையை ஊரே பார்த்தது. மூன்றாம் நாள் ஹார்ம் கதவைத் தட்டினார். "என்ன ரூலோஃப், வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லியே? அடுப்பு பத்தவெக்கலையே?" என்றார். பயிற்சி என்றேன். "எதுக்கு, போருக்கா?" என்றார். சம்பந்தி வீட்டுக்கு என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போர்னா ரேஷனாவது குடுப்பாங்க" என்று சொல்லிப் போனார். போன பத்து நிமிடத்தில் அவர் மனைவி மூடிபோட்ட பாத்திரத்தில் பட்டாணி சூப் கொண்டுவந்து வைத்தாள். எட்டரை வரை அதைத் தொடவில்லை. உன் அம்மாவின் மன உறுதியைப் பற்றி நீ அங்கே தாராளமாகப் பேசலாம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். மதாம் ஓடிலை உட்கார வைத்து இந்தக் கடிதத்தை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டு, சாஸேஜையும் கஸ்டர்டையும் விடாமல் படி. பையனை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அன்று எல்லாத் தட்டுகளையும் அவனே கழுவி வைத்தான், அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் உன் சாமான்களை ஏற்றி வருவதற்காகக் கேரவனை எடுக்க ஒரு தேதி குறித்து வைத்திருந்தோம் அல்லவா, அந்தத் தேதி அப்படியே இருக்கட்டும். சும்மா வராமல் உன் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருகிறோம். செயினுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். அங்கே மேடு அதிகம், இதில் கியர் கிடையாது, ஏறும்போது இறங்கித் தள்ளு. மதாம் எந்த நேரத்துக்குக் கூப்பிட்டாலும் வருகிறோம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வருகிறோம்.

மழைக்கோட்டை எங்கும் மறந்து வைக்காதே, ஒயினைப் பகலில் குடிக்காதே, குடித்தால் அம்மாவுக்கு எழுதாதே. நீயும் அவனும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பசியை ஒருவர் கேட்டறிந்து, நீண்ட நாள் வாழ வேண்டும். அடுத்த ஞாயிறு கூப்பிடு, கோஸ் தீர்ந்துவிட்டது. மறக்காமல் மதாம் ஓடிலின் பிறந்தநாளைக் கேட்டுச் சொல், நம் வீட்டுப் பிறந்தநாள் காலண்டரில் அம்மா அவருக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள், செத்துப்போன உன் அத்தைக்குப் பக்கத்தில், நல்ல இடம். அந்தக் காலண்டர் நம் வீட்டில் கழிப்பறைக் கதவில்தான் தொங்குகிறது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பசியோடு இருக்கும் உன் அப்பா,
ரூலோஃப்

எல்ஸ்கே, அப்பா எழுதியதைப் படித்தேன், மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். நான் இனிமேல் மரியாதையாக இருக்க மாட்டேன். மதாமிடம் சொல், நத்தை எனக்கு வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் சாப்பிடுவேன், இரண்டாவது தடவையும் போட்டுக்கொள்வேன். — அம்மா