நாற்பது நிமிடக் கம்பைல்

செவ்வாய், ஒக்டோபர் 9
காலையிலிருந்து மழை. பொரளைச் சந்தியில் பஸ் அசையவில்லை. என் நிரலில் இன்றைய பிழை ஒரே ஒரு வரி. திருத்த ஒரு நிமிடம், கம்பைல் ஆகி நிரல் ஓடத் தயாராக நாற்பது. தொடாத கோப்புகளையும் கணினி முதலிலிருந்து கட்டுகிறது. ஆறு மாதமாக இதே கதை. பக்கத்து மேசை ருவன் சிங்களத்தில், "தே பொமுத?" குடிப்போமா என்று. நாலாவது தேநீர்.

வெள்ளவத்தை வீடு வர ஆறரை. அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே. யுத்தத்தில் பாதை பூட்டியதால் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து மூன்று கிழமை, சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. பின்னேரம் பொலிஸ் வந்து தட்டியதாம். கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிந்த துண்டைக் காட்டினாராம், போய்விட்டார்களாம்.

"நீ வேளைக்கு வரமாட்டியே பிள்ளை?"

"கொம்பியூட்டர் விடுதில்லை அம்மா."

"அதென்ன மாடே? கட்டிப்போட்டிட்டு வாவன்."

சிரிப்பு வந்தது. பிறகு அழுகை.

புதன், 10
இந்தக் கம்பைலைச் சரிசெய்ய ஒரு நாள் கேட்டேன். வெள்ளிக்கிழமை மென்பொருள் ரிலீஸ் முடியட்டும் என்றார் மனேஜர். சாப்பாட்டு நேரத்தில் காரணத்தைத் தேடினேன், மடியில் சோற்றுப் பார்சல். ருவனும் கூட.

அகப்பட்டது! கம்பைல் தொடங்கும்போதெல்லாம் ஒரு சின்னக் கோப்பில் அந்த நேரம் எழுதப்படுகிறது. மற்ற எல்லாக் கோப்புகளும் அதை உள்ளே இழுக்கின்றன. நேரம் மாறினால் எல்லாமே மாறியதாக எண்ணி, முதலிலிருந்து.

அதைச் சேர்த்தது யார் என்று பார்த்தோம். நான். ஆறு மாதத்துக்கு முன்.

ருவன் மேசையில் தலை வைத்துச் சிரித்தான். யாருக்கும் சொல்லமாட்டானாம், அதற்கு வெள்ளவத்தை வடை வேண்டுமாம்.

வியாழன், 11
ஒரே ஒரு கோப்பு மட்டும் நேரத்தைப் பார்க்கும்படி மாற்றினேன். ஒரு வரி திருத்திப் பரீட்சை. ஒன்றரை நிமிடம். நம்பாமல் இன்னொரு தரம். ஒன்றரைதான்.

மனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன், என் பிழை என்று. கொட்டாஞ்சேனைத் தமிழர், எதற்கும் சத்தம் போடுவார் என்று பயம்.

"அடப்பாவமே, புது மெஷின் கேட்டு நான் கடிதமும் போட்டாச்சே!"

அவ்வளவுதான். நெஞ்சு லேசானது.

வெள்ளி, 12
நாலு மணிக்கு ரிலீஸ் போனது. ஐந்துக்கு வீடு, நல்ல வெளிச்சம். இருவரின் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு, தண்டவாளம் தாண்டிக் கடற்கரைக்கு. அம்மா வந்த பிறகு முதல் தரம்.

"எங்கட கடல் இப்பிடிக் கத்தாது," என்றார். சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மெல்ல இறங்கினார். அலை முழங்கால் வரை அடித்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

"போவமே அம்மா?"

"பொறு, இன்னொண்டு வரட்டும்."